மதத்துக்கு இனி இடமுண்டா? அறிஞர் அஸீஸின் வாழ்க்கை தரும் பதில்

நீராவிப்பிட்டியிலோ பட்டாணிச்சூரிலோ நாச்சிக்குடாவிலோ ஜும்ஆ முடிந்த பின்னர் பள்ளிவாசல் வாயிலில் சற்று நின்று பாருங்கள். பெரியவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு வயலுக்கும் கடைக்கும் கடலுக்கும் போய்விடுவார்கள். இளைஞர்கள் மட்டும் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தொழில், வெளிநாடு, கிரிக்கெட் என்று போகும் அந்தப் பேச்சில் அண்மைக் காலமாக ஒரு கேள்வியும் வந்து சேர்கிறது. அறிவியல் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் மதம் எதற்கு? பள்ளிவாசலுக்குள் அதைக் கேட்கத் தயங்குகிறார்கள், வாயிலில் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் நம்மில் அதிகம். கேட்பவனை ஈமான் குறைந்தவன் என்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால், இந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். புத்தளத்து அகதிக் குடியேற்றங்களில் பிறந்து, பெற்றோரின் ஊர் என்று சொல்லப்பட்ட வன்னிக்குத் திரும்பி வந்தவர்கள் பலர். 2019 ஏப்ரல் 21இல் மதத்தின் பெயரைச் சொல்லித் தேவாலயங்களில் அப்பாவிகள் கொல்லப்பட்டதைப் பார்த்தார்கள். அதன் பின்னர் தாடிக்கும் பர்தாவுக்கும் நாடெங்கும் கிடைத்த பார்வையையும் பார்த்தார்கள். 2020இல் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும் பார்த்தார்கள். நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருந்த நிலையில், எரிக்கத்தான் வேண்டும் என்று அன்றைய அரசு நின்றது. மதத்தின் பெயராலும் அநியாயம், நவீனத்தின் பெயராலும் அநியாயம். இரண்டையும் ஒரே இளமையில் கண்ட பிள்ளை கேள்வி கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்குப் பதிலாக ஒரு பயானைச் செய்வதைவிட ஒரு வாழ்க்கையைச் சொல்வது மேல் என்று தோன்றுகிறது. அந்த வாழ்க்கை மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுடையது. அவர் நமது வடக்கின் மகன். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பெயரைத் தெரிந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்று தெரிந்த இளைஞர்கள் நமது ஊர்களில் மிகக் குறைவு.

1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அஸீஸ் பிறந்தார். தந்தை அபூபக்கர் யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்ற சட்டத்தரணி. அன்றைய வழக்கப்படி முதலில் குர்ஆன் மத்ரஸா. பின்னர் முஸ்லிம் பாடசாலை. அதன் பின்னர்தான் அவரது வாழ்க்கையைத் திருப்பிய முடிவு வந்தது. பிள்ளை வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் அனுப்பப்பட்டார். வைத்தீஸ்வரா இராமகிருஷ்ண மிஷன் நடத்திய பாடசாலை. இந்துக் கல்லூரி சைவர்கள் தமது சமயத்தையும் தமிழையும் காக்கக் கட்டிய கல்லூரி. காலையில் தேவாரம் ஒலிக்கும் மண்டபங்களில் ஒரு முஸ்லிம் சிறுவன் படித்தான்.

அந்தக் காலத்தில் ஆங்கிலக் கல்வி என்றாலே ஈமானுக்கு ஆபத்து என்று பிள்ளைகளை மறித்துக்கொண்ட பெற்றோர் பலர். மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளை வேதத்தில் சேர்ந்துவிடுவான் என்ற பயம் வெறும் கற்பனையும் அல்ல. அந்தப் பயத்துக்கு ஒரு மாற்றுத் தேடித்தான் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் அவருடன் தோள்கொடுக்க, 1892இல் கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான பாடசாலை பிறந்தது. மார்க்கமும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதுதான் அந்தக் கல்லூரியின் அடித்தளம். அஸீஸ் பிறந்தபோது இந்த முயற்சிக்கு இருபது வயது கூட ஆகவில்லை.

சைவச் சூழலில் படித்ததால் அஸீஸின் ஈமான் தேய்ந்ததா? அவரது பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால் நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. தமது சமயத்தை மதித்து, அதற்காக உழைத்து, அதே நேரம் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பித்த ஒரு சமூகத்தை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். இதை நமது சமூகமும் செய்யலாமே என்ற எண்ணத்துக்கு அந்தப் பாடசாலை வாழ்க்கை வித்திட்டிருக்க வேண்டும். அங்கே பெற்ற தமிழ்ப் புலமை கடைசி வரை அவரோடு இருந்தது.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து 1933இல் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப் பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தபோதே இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி 1935இல் நாடு திரும்பினார். அந்தச் சேவையில் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர்தான். அந்த நாற்காலிகளில் நம்மவர் ஒருவர் அமர்ந்தது அன்றைய முஸ்லிம் வீடுகளில் பெரும் செய்தியாக இருந்தது.

சிவில் சேவை உத்தியோகம் என்றால் பங்களா, சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு. அதோடு நின்றிருந்தால் அஸீஸ் வெறும் ‘முதல் முஸ்லிம்’ என்ற வரியாக வரலாற்றில் கிடந்திருப்பார். 1942 அவரை வேறு திசையில் திருப்பியது. அந்த ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சோற்றுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு திடுக்கிட்டது. உள்நாட்டில் நெல்லை விளைவிப்பதற்காகக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பான உதவி அரசாங்க அதிபராக இளம் அஸீஸ் அனுப்பப்பட்டார்.

கிழக்கில் அவர் கண்டது இரண்டு. ஒன்று, காடாகக் கிடந்த நல்ல மண். மற்றது, அந்த மண்ணில் உழைக்கக்கூடிய, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத முஸ்லிம் ஏழை. காணியற்றவர்களுக்குக் காணி கொடுத்து நெல் விளைவிப்பது அரசாங்கம் கொடுத்த வேலை. அதை அவர் மும்முரமாகச் செய்தார். இரண்டாவது வேலையை அரசாங்கம் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரப் பிள்ளைகள் பணமில்லாத காரணத்தால் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு வயலுக்குப் போவதைக் கண்டு, கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு ஊக்கமாக அமைந்தது. முஸ்லிம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற முயற்சிக்குக் காவியுடுத்த ஒரு துறவி துணை நின்றதை இன்றைய கிழக்கும் வடக்கும் மறந்துவிடக் கூடாது.

கல்முனையில் முளைத்த எண்ணம்தான் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடு முழுவதற்கும் விரிந்தது. வசதியற்ற, ஆனால் திறமையுள்ள மாணவர்களுக்கு உதவிப் பணம் கொடுப்பதே அதன் வேலை. அந்த நிதியால் படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் வந்தவர்கள் நாடெங்கும் உண்டு. ஸகாத், ஸதகா என்று நாம் ரமழானில் கையில் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை அவர் ஒரு நிறுவனமாக மாற்றினார் என்று சொல்லலாம். வாசலில் நின்று வாங்கிய ஏழை, விண்ணப்பம் அனுப்பிப் படிக்கும் மாணவனானான். மார்க்கம் சொன்ன கடமை அதேதான். செய்யும் முறை காலத்துக்கு ஏற்ப மாறியது.

இந்த இடத்தில் அல்லாமா இக்பாலைச் சொல்லாமல் அஸீஸைப் புரிந்துகொள்ள முடியாது. இக்பால் மேற்கத்தேயத் தத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனாலும் அதன் காலடியில் விழவில்லை. இஸ்லாமிய சிந்தனையைப் புனரமைப்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1930 அளவில் நூலாக வந்து உலகெங்கும் படித்த முஸ்லிம்களை உலுக்கின. இஸ்லாம் தேங்கிய குட்டை அல்ல, ஓடும் ஆறு என்பதுதான் அவற்றின் சாரம். அந்த ஆறு ஓட வேண்டுமானால் இஜ்திஹாத் என்னும் சுயசிந்தனை வேண்டும். அஸீஸ் இக்பாலைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். மேற்கை அப்படியே விழுங்கவும் வேண்டாம், அப்படியே துப்பவும் வேண்டாம், எடைபோட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. மேற்கை மறுமதிப்பீடு செய்வது என்ற பொருள்படும் தலைப்பில் 1964இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அந்தச் சிந்தனையின் விளைவு.

1948 வந்தது. நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளையர் விட்டுப் போகும் உயர் பதவிகள் சிவில் சேவை அதிகாரிகளுக்குக் காத்திருந்தன. அந்த நேரத்தில் அஸீஸ் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் போய் அமர்ந்தார். நீண்ட காலம் அந்தக் கல்லூரியைக் கட்டி வளர்த்த ரீ.பி. ஜாயாவின் இடத்தை நிரப்ப ஒருவர் தேவைப்பட்டார். நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரச பதவியை விட்டு, நிதிக்கு எப்போதும் கையேந்த வேண்டிய ஒரு பாடசாலைக்கு யார் போவார்? இன்று நமது பிள்ளைகளில் ஒருவர் அரச உத்தியோகத்தை விட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அஸீஸ் செய்த தியாகத்தின் எடை அப்போது புரியும்.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் ஸாஹிராவின் பொற்காலம் என்று அழைக்கப்படுகின்றன. முஸ்லிம்களுக்கான கல்லூரியாக அது இருந்தது. ஆனால், முஸ்லிம்களுக்கு மட்டுமான கல்லூரியாக அவர் அதை வைத்திருக்கவில்லை. வடமராட்சியின் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராக இருந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். தமிழுலகம் போற்றும் பேராசிரியராக அவர் பின்னாளில் உயர்ந்தார். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் மாணவனுக்குக் கொடுத்ததை, ஒரு முஸ்லிம் கல்லூரி ஒரு சைவ மாணவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. நல்லிணக்கம் பற்றி இன்று மேடை போட்டுப் பேசுகிறோம். அன்று அது ஒரு பாடசாலையின் இடாப்பில் இருந்தது.

1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை உருவாவதற்கு அவர் முன்னின்றார். ஊர் ஊராக இருந்த முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒரு கோவையில் கோத்த வேலை அது. வாலிபர்களைப் பள்ளிவாசலின் பின்வரிசையிலிருந்து எழுப்பி, நூல்நிலையம், சிரமதானம், விளையாட்டு, மார்க்க வகுப்பு எல்லாவற்றிலும் பொறுப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இளைஞனுக்கு மதத்தில் இடமில்லாவிட்டால் மதத்துக்கு இளைஞனிடம் இடமிருக்காது. இதை அந்த மனிதர் எழுபது வருடங்களுக்கு முன்பே புரிந்துவைத்திருந்தார்.

1952இல் செனற் சபை உறுப்பினரானார். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற மசோதா வந்தபோது அவருடைய கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. அஸீஸ் கட்சியை விட்டு விலகினார். செனற் சபையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். இலங்கை முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ் என்றும், தாய்மொழியைப் பறிப்பது ஒரு சமூகத்தின் உள்ளத்தைப் பறிப்பது என்றும் அவர் கருதினார். தெற்கிலே வாழும் முஸ்லிம்களுக்குச் சிங்களம் தேவை என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனாலும், மதத்தால் முஸ்லிம், மொழியால் தமிழ் என்ற உண்மையை வசதிக்காக மறைக்க அவர் உடன்படவில்லை. ஆட்சியோடு அனுசரித்துப் போவதே சிறுபான்மையின் சாமர்த்தியம் என்று நம்பிய காலம் அது. அப்படியிருந்தும் பதவியைவிடக் கொள்கையைப் பெரிதாக எண்ணினார். ஈமான் என்பது தொழுகைப் பாயில் மட்டும் சோதிக்கப்படுவதல்ல. வாக்கெடுப்பு மணி அடிக்கும்போதும் சோதிக்கப்படுகிறது.

1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற சூறாவளியில் நாட்டின் கல்வி அமைப்பே குலுங்கியது. 1961இல் அஸீஸ் ஸாஹிராவை விட்டு விலகினார். 1963இல் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற அவரது தமிழ் நூல் வெளியானது. எகிப்து, கிழக்காபிரிக்கா என்று பல நாடுகளுக்குப் பயணம் செய்து, கண்டதை நல்ல தமிழில் எழுதினார். ‘மிஸ்ரின் வசியம்’ அவற்றுள் ஒன்று. அறபுத் தமிழைப் பற்றி அவர் எழுதிய நூல் 1973இல் வந்தது. அறபு எழுத்தில் தமிழை எழுதி வைத்த நம் முன்னோர்களின் செல்வத்தை மறந்துவிடாதீர்கள் என்ற வேண்டுகோள் அது. அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் மண்ணின் மைந்தனுக்கு, அவரது மறைவின் பின்னர், இலக்கிய கலாநிதிப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

அதற்குப் பத்து வருடங்களின் பின்னர், 1990 ஒக்டோபர் இறுதியில், அவர் பிறந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலங்கள் கொடுக்கப்பட்டன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அதே கதிதான். எழுபத்தையாயிரம் பேர் வரையில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் பலர் வன்னி மண்ணைக் கடந்து வவுனியாவில் வந்து விழுந்தார்கள். தமிழே தம் மொழி என்று செனற் சபையில் நின்று வாதாடிய மனிதரின் அயலவர்கள், தமிழின் பெயரால் போராடியவர்களால் துரத்தப்பட்டார்கள். இந்த முரணை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால், எழுதாமல் விட்டால் அஸீஸின் கதை முழுமையாகாது.

வெறுங்கையோடு போன அந்த மக்கள் புத்தளத்தில் முதலில் என்ன செய்தார்கள்? ஓலைக் கொட்டிலில் தொழுகைக்கு இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார்கள். வீடு போனது, காணி போனது, உறுதிகள் போயின. ஜமாஅத் மட்டும் போகவில்லை. மதம் எதற்கு என்று கேட்கும் நமது பிள்ளைக்குச் சொல்லக்கூடிய முதல் பதில் இதுதான். எல்லாம் பறிக்கப்பட்ட நாளில் உன் பாட்டனாரை மனிதனாக நிறுத்தி வைத்தது அது.

இரண்டாவது பதிலை நாம் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை. போர் முடிந்து 2009இன் பின்னர் நம்மவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வன்னிக்குத் திரும்பினார்கள். காடேறிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கினார்கள். பள்ளிவாசல்கள் எழுந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல் பதித்த அக்கறையில் பாதியையாவது பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தில் காட்டினோமா? ஒலிபெருக்கிக்கு நன்கொடை சேர்த்த வேகத்தில், உயர்தரத்தில் கணிதம் படிக்க வெளியூர் போக வேண்டிய பெண்பிள்ளையின் செலவுக்குச் சேர்த்தோமா? நான்கு ஜமாஅத்துக்கு நான்கு கட்டடம் வேண்டும் என்று சண்டை பிடிக்கத் தெரிந்த நமக்கு, நான்கு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஒரு மேசையில் உட்காரத் தெரியவில்லை. இப்படி இருக்கும்போது அந்தப் பிள்ளை மதம் எதற்கு என்று கேட்டால் குற்றம் அவனுடையது மட்டுமா?

அஸீஸிடம் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. அவர் ஆங்கிலம் கற்ற மேல்தட்டிலிருந்து சமூகத்தைப் பார்த்தவர். மத்ரஸாவையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே பாதையில் கொண்டுவர வேண்டும் என்ற கனவு அவர் காலத்தில் நிறைவேறவில்லை. இன்றும் மௌலவி ஒரு கரையிலும் பட்டதாரி மறுகரையிலும் நிற்கிறார்கள். அவர் கட்டிய நிறுவனங்களும் கொழும்பைத் தாண்டி வன்னி வரை வேரோடவில்லை. அந்த மிச்ச வேலை நம்முடையது.

அதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஸகாத்தின் ஒரு பகுதி கல்வி நிதியாகட்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளிவாசல் மண்டபத்தில் கணித வகுப்பு நடக்கட்டும். அதைப் படிப்பிக்க முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு தமிழ் ஆசிரியர் வந்தால் மரியாதையோடு கதிரை போடுவோம். நிர்வாக சபையில் முப்பது வயதுக்குட்பட்ட இரண்டு பேருக்காவது இடம் கொடுப்போம். வாயிலில் நின்று கேள்வி கேட்கும் பிள்ளையை உள்ளே அழைத்து, கேள் மகனே என்று சொல்லும் கதீப்மார் உருவாகட்டும்.

நவீன சமூகத்தில் மதத்துக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு அஸீஸ் வாதத்தால் மட்டும் பதில் சொல்லவில்லை. காணியற்றவனுக்குக் காணியும், பணமற்ற மாணவனுக்குப் புலமைப் பரிசிலும், வேற்று மதத்தவனுக்கு வகுப்பறையில் இடமும் கொடுத்தார். அவற்றைக் கொடுக்கும்வரை மதத்துக்கு எந்தக் காலத்திலும் இடமுண்டு. அவற்றை நிறுத்திவிட்டு மினாராவை மட்டும் உயர்த்தினால், இடம் கேட்டு நாம்தான் அலைய வேண்டிவரும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்று, மேலான ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. அந்தப் பணிகளைத் தொடரும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.